க்ளூவைன் (மசாலா போட்டுச் சூடாக்கும் ஒயின்) வீட்டில் வைத்தேன், கஷாயமாகிவிட்டது. எங்கே தப்பு?

எர்லாங்கன்_வாசி | டிசம்பர் 2, இரவு 10.15

வணக்கம் மக்களே. ஜெர்மனிக்கு வந்து இது எனக்கு இரண்டாவது குளிர்காலம். போன வெள்ளிக்கிழமை நூர்ன்பெர்க் கிறிஸ்துமஸ் சந்தை திறந்த அன்றே போயிருந்தேன். ஃப்ராவன்கிர்ஷே தேவாலய மாடத்தில் நின்று கிறிஸ்ட்கிண்ட் தேவதை வேடமிட்ட பெண் வரவேற்பு சொல்லி முடித்ததும் மொத்தக் கூட்டமும் க்ளூவைன் கடைப் பக்கம் திரும்பியது. நானும் திரும்பினேன். ஒன்று, அப்புறம் இன்னொன்று. கோப்பைக்குக் கட்டிய ஃபாண்ட் (முன்வைப்பு) பணத்தைத் திரும்ப வாங்காமல் கோப்பையையே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

பிரச்சினை ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தது. வீட்டிலேயே செய்து பார்க்கலாம் என்று ஒன்பது யூரோவுக்கு ஒரு சிவப்பு ஒயின் வாங்கினேன், ஓக் பீப்பாயில் வைத்து எடுத்தது. அம்மா கொடுத்தனுப்பிய பட்டை மூன்று துண்டு, லவங்கம் பத்துப் பன்னிரண்டு, அன்னாசிப்பூ மூன்று. ஒரு ஆரஞ்சைத் தோலோடு நான்காக நறுக்கிப் போட்டேன். சர்க்கரை இரண்டு ஸ்பூன். சாறு நன்றாக இறங்கட்டும் என்று இருபது நிமிடம் தளதளவெனக் கொதிக்கவிட்டேன். வீடு முழுக்க வாசனை தூக்கியது. வாயில் வைத்தால், சளி பிடித்தால் பாட்டி மூக்கைப் பிடித்து ஊற்றுவாரே, அதே கஷாயம். கசப்பு, துவர்ப்பு, நாக்கு நுனி மரத்தே போய்விட்டது.

பக்கத்து வீட்டு அம்மையாருக்கும் ஒரு கோப்பை கொடுத்திருந்தேன். ஒரு மிடறு குடித்தார், கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார், 'இன்டெரஸான்ட்' (சுவாரஸ்யம்) என்றார். எங்கே தப்பு செய்தேன்?

---

முனிஷ்_மச்சி | டிசம்பர் 2, இரவு 10.31

'இன்டெரஸான்ட்' என்றாரா? முடிந்தது கதை. பிடித்திருந்தால் 'லெக்கர்' (ருசி) என்பார்கள். இன்டெரஸான்ட் என்றால், நீ போனதும் அதைத் தொட்டிச் செடிக்கு ஊற்றிவிட்டார் என்று அர்த்தம்.

---

டோர்ட்முண்ட்_அக்கா | டிசம்பர் 2, இரவு 11.02

தம்பி, நீங்கள் வைத்தது க்ளூவைன் இல்லை, குடிநீர். கொத்தமல்லிக் குடிநீர் வைக்கிற மாதிரி வைத்திருக்கிறீர்கள்.

நான் ஜேர்மனிக்கு வந்து முப்பத்திரண்டு வருஷம். அதில் பதினொரு வருஷம் ஒரு கன்டீன் சமையலறையில் வேலை. டிசம்பர் பிறந்தால் இருபது லீட்டர் சட்டியில் இதை வைப்பது என் பொறுப்பு. அங்கே இருந்த பெரிய சமையல்காரி முதல் நாளே சொல்லிவிட்டார்: கொதித்தால் நீயே குடி.

நீங்கள் ரசம் எப்படி வைப்பீர்கள்? நுரை கட்டி வரும்போது இறக்கிவிடுவீர்கள் அல்லவா? இதை அதற்கும் ஒரு படி முன்னால் நிறுத்த வேண்டும்.

ஒரு லீட்டர் வைனுக்குக் கறுவா (உங்கள் பட்டை) ஒரு குச்சி, கராம்பு (உங்கள் லவங்கம்) நாலே நாலு, உங்கள் அன்னாசிப்பூ ஒன்று போதும். எங்கள் ஆட்களின் கை சரக்கு போடும்போது தாராளமாக நீளும், எனக்கும் அப்படித்தான் இருந்தது. பிரியாணி வேறு, இது வேறு.

முதலில் வைனைத் தொடவே வேண்டாம். ஒரு தோடம்பழத்தை (ஆரஞ்சை) பிழிந்து, அந்தச் சாற்றில் மூன்று மேசைக்கரண்டி சீனியும் சரக்கும் போட்டு, சின்னச் சட்டியில் அதை மட்டும் ஐந்து நிமிஷம் கொதிக்க விடுங்கள். பாகு போல மினுங்கும், கறுவா வாசம் வரும். கொதிக்க வேண்டியது எல்லாம் அங்கேயே கொதித்து முடிய வேண்டும். அதற்குப் பிறகுதான் வைனை ஊற்றுவது. நெருப்பு மெல்லியதாக இருக்கட்டும். கொஞ்ச நேரத்தில் ஆவி எழும்பும், சட்டியின் அடியில் ஊசிமுனை அளவு குமிழ்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும். அவை கழன்று மேலே வரத் தொடங்கும் முன்னர் அடுப்பை நூர்த்துவிடுங்கள். மூடி போட்டு அரை மணித்தியாலம் விட்டு, வடித்து, குடிக்கிற நேரம் மறுபடி சூடாக்குங்கள். அப்போதும் கொதிக்கக் கூடாது.

கசப்பு எங்கே இருந்து வந்தது என்றால், தோடம்பழத்தின் உள்ளே இருக்கிற வெள்ளைத் தோலில் இருந்து. பழத்தை வெட்டிப் போடாமல், மேல்தோலை மட்டும் இரண்டு நாடாவாகச் சீவிப் போடுங்கள். பயோ (இயற்கை முறையில் விளைந்த) பழமாகப் பாருங்கள். மற்றப் பழம் விற்கிற வலைப்பையில் தோல் உண்பதற்கு ஏற்றதல்ல என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பான்.

கராம்பை அந்தத் தோல் நாடாவிலேயே குத்திவிடுங்கள். எண்ணிக் குத்தினால் எண்ணி எடுக்கலாம். ஒன்று தப்பிப்போய் விருந்தாளியின் பல்லில் அகப்பட்டால், அன்றைக்கு அவருக்கு வேறு எதுவும் ருசிக்காது.

---

பெர்லின்_பையன் | டிசம்பர் 3, காலை 7.48

அக்கா சொன்னதுதான். 78 டிகிரி தாண்டினால் ஆல்கஹால் மொத்தமும் ஆவியாகிவிடும். எர்லாங்கன் நண்பர் இருபது நிமிடம் கொதிக்கவிட்டதில் மிஞ்சியது வெறும் திராட்சைச் சாறுதான். குழந்தைக்கே கொடுக்கலாம்.

---

சோதனைக்குழாய் | டிசம்பர் 3, காலை 8.20

> குழந்தைக்கே கொடுக்கலாம்

ஐயா, கொடுத்துவிடாதீர்கள். சுத்தமான எத்தனால் கொதிப்பது 78 டிகிரியில். ஒயினில் அது தண்ணீரோடு கலந்து கிடக்கிறது. 12 சதவீத ஒயின் கொதிக்கத் தொடங்குவதே 91 டிகிரிக்குப் பக்கத்தில்தான். 78 என்பது ஏதோ ஸ்விட்ச் மாதிரியும், அதைத் தாண்டியதும் எல்லாம் பறந்துவிடும் என்பது போலவும் ஒரு நம்பிக்கை சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஆல்கஹால் 60 டிகிரியிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். கொதிக்கும்போது வேகமாகப் போகும். ஆனாலும் முழுவதுமாகப் போகாது. சமையலில் எவ்வளவு ஆல்கஹால் தங்கும் என்று அமெரிக்க வேளாண்துறை ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. 15 நிமிடம் கொதியில் கிடந்தால் 40 சதவீதம், அரை மணிக்கு 35, ஒரு மணி நேரத்துக்கு 25 சதவீதம் மிச்சம் இருக்கும் என்கிறது அது. சட்டியின் அகலம், மூடி இதெல்லாம் பொறுத்து மாறும். ஆனால் பூஜ்யம் ஆகாது.

வண்டி ஓட்டுபவர்களுக்கும் இதே கணக்குதான். இங்கே ரத்தத்தில் ஆல்கஹால் 0.5 புரோமில் (ஆயிரத்துக்கு அரைப் பங்கு) வரம்பு. லைசென்ஸ் எடுத்து முதல் இரண்டு வருடத்தில் இருப்பவருக்கும் 21 வயது ஆகாதவருக்கும் பூஜ்யம். 'கொதிக்க வைத்ததுதானே' என்று போலீசிடம் சொல்லிப் பயனில்லை.

கொதிக்கவிடக் கூடாது என்பதற்கு ஆல்கஹால் ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய இழப்பு வாசனை. ஒயினின் பழ வாசம் எல்லாம் எளிதில் ஆவியாகும் சரக்கு. வீடு முழுக்க மணத்தது என்றீர்களே, கோப்பையில் இருக்க வேண்டியது அறைக்குள் போய்விட்டது. மூன்றாவது, சர்க்கரை. புளிப்பான திரவத்தில் சர்க்கரையை அதிகம் சூடாக்கினால் ஹைட்ராக்சிமெதில்ஃபர்ஃபுரால் என்ற பொருள் உண்டாகும். ஆய்வகங்கள் இதைச் சுருக்கமாக எச்.எம்.எஃப். என்பார்கள். க்ளூவைனை யாராவது அளவுக்கு மீறிச் சூடாக்கினார்களா, நாள் முழுக்க அடுப்பிலேயே வைத்திருந்தார்களா என்பதை இதன் அளவைப் பார்த்துச் சொல்லிவிடலாம். நாக்கு மரத்ததற்கு லவங்கத்தில் உள்ள யூஜெனால் காரணம். பல்வலிக்கு லவங்க எண்ணெய் தடவுவோமே, அதே சங்கதி. பன்னிரண்டு லவங்கத்தை இருபது நிமிடம் கொதிக்க வைத்தால் பல் டாக்டரிடம் போன மாதிரிதான் இருக்கும்.

சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் 70 முதல் 75 வரை. இல்லையென்றால் அக்கா சொன்ன ஊசிமுனைக் குமிழ் போதும்.

இன்னொன்று, பெயரிலேயே விடை இருக்கிறது. ஜெர்மனில் 'க்ளூயென்' என்றால் கனல்வது. கொதிப்பதற்கு 'கோஹென்'. கோஹ்வைன் என்று யாரும் பெயர் வைக்கவில்லை.

---

எர்லாங்கன்_வாசி | டிசம்பர் 3, மாலை 6.40

அக்கா, அண்ணா, இருவருக்கும் நன்றி. ஒன்பது யூரோவும் ஒரு ஆரஞ்சும் போனதில் இவ்வளவு படிப்பு கிடைக்கும் என்று நினைக்கவில்லை. அடுத்த முறை இன்னும் நல்ல ஒயினாக, பதினைந்து யூரோவுக்கு வாங்கட்டுமா?

---

ஸ்டுட்கார்ட்_திராட்சை | டிசம்பர் 3, இரவு 8.05

வேண்டாம் நண்பா! ஒன்பது யூரோவே அதிகம், அதிலும் பீப்பாய் ஒயின். 'பாரிக்' என்று லேபிளில் போட்டிருந்தால் அதை அப்படியே குடிக்க வேண்டும். ஓக் மரத்தின் துவர்ப்பும் வெனிலா வாடையும் சூட்டில் முன்னால் வந்து நிற்கும், பட்டையும் லவங்கமும் அதோடு மல்லுக்கட்டும். உங்கள் துவர்ப்பில் பாதி அங்கிருந்து வந்தது.

சூடாக்குவதற்கு இளசான, பழ ருசியுள்ள, துவர்ப்பு குறைந்த சிவப்பு வேண்டும். டோர்ன்ஃபெல்டர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். 1955-ல் எங்கள் பக்கத்து வைன்ஸ்பெர்கில் ஆகஸ்ட் ஹெரோல்ட் என்பவர் ஒட்டு சேர்த்து உண்டாக்கிய ரகம். ஆழ்ந்த நிறம், சூடாக்கினாலும் வெளுத்துப்போகாது. இந்த ஊர்க்காரர்களுக்கு ட்ரோலிங்கர் உயிர். நிறமும் உடம்பும் லேசுதான், ஆனால் க்ளூவைனுக்கு நன்றாகவே ஒத்துப்போகும். ஸ்பேட்பர்குண்டரும் சரி, விலை குறைந்ததாக இருந்தால். திருகுமூடி போட்ட லிட்டர் பாட்டில், நாலு யூரோ. ஆனால் 'ட்ரோக்கன்' (இனிப்பில்லாதது) என்று போட்டதாக எடுங்கள். 'லீப்லிஷ்' ஏற்கெனவே இனிப்பு, அதில் நீங்களும் சர்க்கரை போட்டால் இருமல் மருந்து.

மலிவு என்பதற்காகக் கெட்டுப்போன ஒயினை ஊற்றாதீர்கள். மசாலா எல்லாவற்றையும் மூடிவிடும் என்று சிலர் மூன்று நாள் திறந்து கிடந்ததைக் காலி செய்வார்கள். சூட்டில் புளித்த வாடைதான் முதலில் மூக்கில் ஏறும்.

வெள்ளை ஒயினிலும் செய்யலாம், குறை சொல்ல ஒன்றுமில்லை. சாக்சனியில் ஆகஸ்ட் ஃபான் வாக்கர்பார்ட் என்ற பிரபு 1834-ல் எழுதி வைத்த செய்முறையைத்தான் ஜெர்மனியின் மிகப் பழைய க்ளூவைன் செய்முறை என்பார்கள். அது வெள்ளை ஒயின், அதில் குங்குமப்பூ எல்லாம் போட்டிருக்கிறார். டிரெஸ்டன் சந்தை 1434-லிருந்து நடக்கிறது, அதற்குப் பக்கத்திலேயே இப்படி ஒரு ஆள் இருந்திருக்கிறார். வெள்ளைக்கு சில்வானர் எடுங்கள், சர்க்கரையைக் கொஞ்சம் குறையுங்கள்.

---

பழைய_முசிறி | டிசம்பர் 3, இரவு 9.17

1834 எல்லாம் நேற்று. ரோமானியர்கள் ஒயினில் தேனும் மிளகும் போட்டுக் காய்ச்சியிருக்கிறார்கள். அந்த மிளகு எங்கிருந்து போனது? முசிறித் துறையிலிருந்து, யவனர் கப்பலில்!

---

முனிஷ்_மச்சி | டிசம்பர் 3, இரவு 9.20

வந்துவிட்டார். இவர் இன்னும் ஏன் வரவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

---

பழைய_முசிறி | டிசம்பர் 3, இரவு 9.26

சிரியுங்கள். ஆனால் அடுத்த முறை நாலு மிளகை நசுக்கிப் பாகில் போட்டுப் பாருங்கள், அப்புறம் சொல்லுங்கள்.

---

ஹாம்பர்க்_சோம்பேறி | டிசம்பர் 4, காலை 9.33

எதற்கு இந்தப் பாடு? கடையில் லிட்டர் அட்டைப்பெட்டி கிடைக்கிறது, இரண்டரை யூரோ. சூடாக்கு, குடி, தூங்கு. சந்தைக் கடைக்காரர் எல்லாம் உட்கார்ந்து கறுவா குத்துகிறார் என்றா நினைக்கிறீர்கள்?

---

ஸ்டுட்கார்ட்_திராட்சை | டிசம்பர் 4, பகல் 12.10

அதுவும் உண்மைதான், பல கடைகளில் பெரிய கொள்கலனில் வந்து இறங்குவதுதான். அட்டைப்பெட்டி என்பதற்காக இழிவாகப் பேசவும் வேண்டாம். க்ளூவைன் என்று பெயர் போட்டு விற்க ஐரோப்பிய விதி இருக்கிறது (2014-ன் 251-ஆம் எண் ஒழுங்குமுறை). ஒயினில் மட்டுமே செய்ய வேண்டும், முக்கிய மணம் பட்டையோ லவங்கமோ, ஆல்கஹால் குறைந்தது 7 சதவீதம், இனிப்பைக் கரைக்கத் தேவையானதற்கு மேல் தண்ணீர் கூடாது. என் குறை ஒன்றுதான்: பெரும்பாலும் பல் கூசும் அளவுக்கு இனிப்பு.

பாட்டில் க்ளூவைனுக்கு ஒரு கதையும் உண்டு. 1956-ல் அவுக்ஸ்பூர்கில் ருடால்ஃப் குன்ஸ்மன் என்ற ஒயின் வியாபாரிதான் முதன்முதலில் இதைத் தயாராகப் பாட்டிலில் அடைத்து விற்றார். பலன், அபராதம்! ஒயினில் சர்க்கரை சேர்ப்பது அன்றைய ஒயின் சட்டப்படி குற்றம். இன்றைக்கு எந்தக் கடைக்குப் போனாலும் அக்டோபரிலேயே அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

---

கீல்_அம்மா | டிசம்பர் 4, மாலை 5.02

டோர்ட்முண்ட் அக்கா, எங்கள் வீட்டில் இரண்டு வாண்டுகள், மாமியார் வேறு வந்திருக்கிறார். அவர்களுக்கு என்ன கொடுப்பது? எல்லாரும் கோப்பையோடு நிற்கும்போது அவர்கள் மட்டும் வெறும் கையோடு நின்றால் பாவமாக இருக்கிறது. அப்புறம் எந்தப் பாத்திரம் என்றும் சொல்லுங்கள், என்னிடம் ஒரு நல்ல அலுமினியச் சட்டி இருக்கிறது.

---

டோர்ட்முண்ட்_அக்கா | டிசம்பர் 4, இரவு 8.44

பிள்ளைகளுக்கு கிண்டர்புன்ஷ். சிவப்புத் திராட்சைச் சாறு அரை லீட்டர், அப்பிள் சாறு அரை லீட்டர். செம்பருத்தி கலந்த பழத் தேயிலைப் பை இரண்டை அரை லீட்டர் சுடுதண்ணீரில் கடுமையாகச் சாயம் இறக்கி அதில் சேருங்கள். அந்தப் புளிப்பு இல்லாவிட்டால் வெறும் சர்பத் ஆகிவிடும். கறுவா, தோடம்பழத் தோல், கராம்பு இரண்டு. சீனி வேண்டவே வேண்டாம், சாற்றிலேயே இருக்கிறது. இது கொதித்தாலும் பெரிய நட்டம் இல்லை. ஆனால் இரண்டு சட்டிக்கும் அகப்பையை மாற்றாதீர்கள், அடையாளத்துக்கு ஒரு சட்டியின் கைபிடியில் சிவப்பு நூல் கட்டுங்கள். எங்கள் வீட்டில் என் மாமியார் சட்டி மாறி இரண்டு கோப்பை குடித்துவிட்டு, இந்த வருஷம் பழச்சாறு நல்லாக இருக்கிறது என்று சொன்னவர்.

அலுமினியம் வேண்டாம் பிள்ளை. புளிக்குழம்பு வைக்கப் பயப்படுகிற சட்டியில் இதையும் வைக்காதீர்கள், வைனும் புளிப்புத்தான். எவர்சில்வர், இல்லாவிட்டால் எனாமல்.

---

சோதனைக்குழாய் | டிசம்பர் 4, இரவு 9.30

பட்டையைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எர்லாங்கன் நண்பர் ஊரிலிருந்து கொண்டுவந்தது தடிப்பான ஒற்றைப் பட்டையாக இருந்தால் அது பெரும்பாலும் காசியா. அக்கா சொல்லும் கறுவா இலங்கைப் பட்டை, உள்ளே பார்த்தால் சுருட்டு மாதிரி மெல்லிய ஏடு ஏடாக இருக்கும், விரலால் நொறுக்கலாம். இங்கே கடையில் 'சிலோன் சிம்ட்' என்று தனியாகவே விற்பார்கள். காசியாவில் கூமரின் அதிகம், நிறையச் சாப்பிட்டால் கல்லீரலுக்கு ஆகாது. ஒரு லிட்டருக்கு ஒரு குச்சியில் பயப்பட ஒன்றுமில்லை. ருசிதான் வித்தியாசம்: காசியா காரம், சிலோன் இனிப்பு.

---

டோர்ட்முண்ட்_அக்கா | டிசம்பர் 4, இரவு 9.41

ஓம், அதைத்தான் நான் சொல்ல நினைத்தேன். கறுவா என்றால் கறுவாதான்.

---

பெர்லின்_பையன் | டிசம்பர் 5, இரவு 11.58

எல்லாம் சரி, 'மிட் ஷுஸ்' பற்றி ஒருவரும் பேசவில்லையே? கோப்பையில் ஒரு மூடி ரம் ஊற்றினால்தான் குளிர் போகும். போன வருடம் ஃபாயர்ட்சாங்கன்போலெ கூடச் செய்தோம். சர்க்கரைக் கூம்பை இடுக்கியில் சட்டிக்கு மேலே கிடத்தி, 54 சதவீத ரம்மில் நனைத்துக் கொளுத்த வேண்டும், உருகி உருகி ஒயினில் சொட்டும். நீலத் தீ, விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். ரம்மை மட்டும் பாட்டிலிலிருந்து நேராகத் தீயில் ஊற்றிவிடாதீர்கள், தீ பாட்டிலுக்குள் ஏறும். கரண்டியால்தான் ஊற்ற வேண்டும். நாங்கள் அதைச் சரியாகத்தான் செய்தோம். ஆனால் கூரையில் இருந்த புகை அலாரத்தை மறந்துவிட்டோம்.

---

எர்லாங்கன்_வாசி | டிசம்பர் 7, இரவு 9.50

மக்களே, இரண்டாவது முயற்சி முடிந்தது.

டோர்ன்ஃபெல்டர் ட்ரோக்கன், லிட்டர், 3 யூரோ 79. பட்டை ஊரிலிருந்து வந்ததே (காசியாதான், ஒடித்துப் பார்த்தேன், ஒடியவில்லை). பாகை அக்கா சொன்னபடி தனியாகக் காய்ச்சினேன். மிளகும் இரண்டு போட்டேன், முசிறிக்காரர் மனம் குளிரட்டும். தெர்மாமீட்டர் இல்லை. சட்டிக்கு முன்னால் குனிந்து நின்று அடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒயின் கறுப்பாக இருப்பதால் குமிழ் தெரியவே மாட்டேன் என்கிறது அக்கா! கைபேசி விளக்கை அடித்து, சட்டியைக் கொஞ்சம் சாய்த்தால் விளிம்பில் தெரிந்தது. சின்ன மணி மாதிரி வரிசையாக. அந்த நொடியில் அணைத்துவிட்டேன். ஒரே ஒரு குமிழ் மட்டும் மேலே வந்துவிட்டது, மன்னிக்கவும்.

அரை மணி கழித்து வடித்துக் குடித்தால், அதே சந்தை ருசி இல்லை. இனிப்பு குறைவு, திராட்சை நன்றாகத் தெரிந்தது. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

பக்கத்து வீட்டு அம்மையாருக்கும் கொண்டுபோனேன். வாங்கத் தயங்கினார், கொஞ்சமாகப் போதும் என்றார். ஒரு மிடறு, இன்னொரு மிடறு. ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு ரம் பாட்டிலோடு வந்தார், இரண்டு கோப்பையிலும் ஊற்றினார். பெர்லின்காரர் சொன்ன அதே 'ஷுஸ்'.

---

டோர்ட்முண்ட்_அக்கா | டிசம்பர் 7, இரவு 10.12

நல்லது தம்பி. வைன் கறுப்பென்றால் அப்படித்தான் சாய்த்துப் பார்க்க வேண்டும், நான் சொல்ல மறந்துவிட்டேன். கராம்பு எண்ணினீர்களா?

---

எர்லாங்கன்_வாசி | டிசம்பர் 7, இரவு 10.15

தோலில் குத்த மறந்து அப்படியே போட்டுவிட்டேன். வடிகட்டியும் கொஞ்சம் பெரிய கண். நாலு போட்டேன், மூன்றுதான் அகப்பட்டது.

---

முனிஷ்_மச்சி | டிசம்பர் 7, இரவு 10.16

நாலாவது?

---

எர்லாங்கன்_வாசி | டிசம்பர் 7, இரவு 10.24

என் கோப்பையில் இல்லை. சுவரில் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.